சிம்மாசனம் ஏறிய பேரிகை

தேன்மலைச் சீமையை ஆண்ட கஜவீர பூபதிக்குக் கூத்து என்றால் உயிர். அதிலும் அரக்கன் வரும் கட்டம்தான் அவருக்கு வேண்டும். அரக்கன் திரையை விலக்கும்போது பேரிகை 'தொம்' என்று முழங்கி, ராஜாவின் வயிறு குலுங்க வேண்டும். குலுங்காவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பெரிய வயிறு; குலுங்க இடமும் நிறைய இருந்தது.

அதற்கென்றே புது மண்டபம் கட்டினார். சிம்மாசனம் எங்கே என்று ராஜாவே காலால் தட்டிக் காட்ட, அங்கேயே ஈயம் ஊற்றிப் பதித்துவிட்டார்கள். பேரிகை எங்கே என்பதைப் படைத்தலைவரான தளவாய் ரணதீரர் முடிவு செய்தார். மேடைக்குப் பக்கத்தில், அவருடைய ஆசனத்துக்கு நேர் எதிரே.

முதல் நாள் அரக்கன் வந்தான். பேரிகைக்கார எல்லப்பன் வெளுத்து வாங்கினான். மூலையில் நின்ற வாயில்காவலனுக்குப் பல் ஆடியது. ராஜாவுக்கோ, பக்கத்து ஊரில் யாரோ தலையணை தட்டுவது போலிருந்தது.

"இதைவிடப் பெரிய பேரிகை கொண்டு வாங்க!" என்றார் தளவாய்.

யானை கட்டி இழுத்து வந்தார்கள். காவலனுக்கு ஆடிய பல் விழுந்தே விட்டது. ராஜாவின் வயிறு மட்டும் அசையவில்லை.

"மகாராஜா, இவன் வேணும்னே சோம்பி அடிக்கிறான்," என்றார் தளவாய். எல்லப்பனின் இடத்துக்கு அவருடைய மைத்துனன் ஒரு வருஷமாகக் காத்திருந்தான்.

பசியில் இருந்த ராஜா சீறினார். "பேரிகை கேட்காமல் போனதற்கு எவன் காரணமோ, அவன் நாளைச் சாயங்காலம் சபையறிய இந்த மண்டபம் முழுக்கத் தவழ வேண்டும்! அப்புறம் ஆயுளுக்கும் பேரிகையைத் தொடக் கூடாது! இது என் ஆணை!"

எல்லப்பன் அரண்மனை விகடகவி பிச்சாண்டியிடம் ஓடினான். "சாமி, தோளு கழண்டு போற மாதிரி அடிச்சேன். பேரிகையைத் தொடக் கூடாதுன்னா இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஊரையே சிரிக்க வைக்கும் பிச்சாண்டிக்கு அன்று சிரிப்பு வரவில்லை. மறுநாள் மத்தியானம் காலி மண்டபத்தில் எல்லப்பனை அடிக்கச் சொல்லிவிட்டு அங்குமிங்கும் நடந்தார். ஓரிடத்தில் தொப்புள் அதிர்ந்தது. பத்தடி தள்ளிப் போனால் ஒன்றுமே இல்லை. தூணோரம் மறுபடி அதிர்ந்தது. சுவரில் மோதித் திரும்பும் ஓசை சில இடங்களில் ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது என்று புரிந்தது. அப்படித் தின்னும் இடத்தில்தான் சிம்மாசனம் இருந்தது. பிச்சாண்டிக்குச் சிரிப்பு திரும்பி வந்தது.

சாயங்காலம் சபை கூடியபோது பழைய பேரிகை சிம்மாசனத்தின் மேல் சம்பிரமமாக உட்கார்ந்திருந்தது.

"ராஜத் துரோகம்!" என்று தளவாய் குதித்தார்.

"மகாராஜா, வீட்டிலிருந்து சந்தை எவ்வளவு தூரமோ, சந்தையிலிருந்து வீடும் அவ்வளவு தூரம்தானே?" என்றார் பிச்சாண்டி. "பேரிகை உங்கள் இடத்தில் முழங்கட்டும். அது நன்றாகக் கேட்கிற இடத்தை நீங்கள் கண்டுபிடியுங்கள். பிறகு அங்கே வைத்து அடித்தால் உங்களுக்கு இங்கே கேட்கும். ஆனால் பேரிகை தரையில்தான் இருக்கப் போகிறது. காதும் தரையோரம் இருக்க வேண்டும்."

"அதாவது?"

"தவழ வேண்டும், மகாராஜா."

ராஜா ஒரு கணம் வயிற்றைத் தடவினார். இரண்டு நாள் பட்டினி. பட்டென்று குனிந்து தவழ ஆரம்பித்துவிட்டார்!

தேன்மலையில் ஒரு சம்பிரதாயம் உண்டு. ராஜாவின் தலைக்கு மேல் எவர் தலையும் உயரக் கூடாது. சபை மொத்தமும் தொப்பென்று விழுந்தது. புலவர்கள் தவழ்ந்தார்கள். மோர் கொண்டு வந்த சமையற்காரர் தவலையைத் தலையில் வைத்தபடியே தவழ்ந்தார். தளவாயின் தலைப்பாகை இரண்டு முழம் உயரம். பாவம், அவர் மட்டும் வயிற்றால் ஊர்ந்தார். எல்லப்பன் குப்புறப் படுத்துக் கையை மட்டும் தூக்கி அடித்தான்.

"இங்கே இருக்கு!" என்று தூணடியில் ராஜா கூவினார். பிச்சாண்டி சுண்ணாம்பால் அடையாளம் போட்டார். "இங்கேயும்!" இப்படி நாலு இடம்.

நாலு இடத்திலும் நாலு சின்னப் பேரிகைகள் வைத்தார்கள். எல்லப்பனும் அவன் தம்பிமாரும் ஒரே சமயத்தில் தட்டினார்கள். ஒன்றின் ஓசை அடங்கும் இடத்தை இன்னொன்று நிரப்பியது. 'தொம்!'

ராஜாவின் வயிறு குலுங்கியது. குலுங்கி முடிய நேரமாயிற்று. "சோறு போடுங்கள்!" என்று ஆனந்தமாகக் கத்தினார்.

தளவாய் வயிற்றில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே எழுந்தார். "ஆணை ஆணைதான், மகாராஜா. எல்லப்பன் இன்னும் தவழவில்லை."

"ஆணை நிறைவேறியாயிற்றே!" என்றார் பிச்சாண்டி. "காரணமானவர் தவழ வேண்டும் என்றுதானே ஆணை? பேரிகைக்கு இடம் சொன்னவர் தளவாய். ஊர்ந்தே காட்டினார். சிம்மாசனத்துக்கு இடம் சொன்னவர்..." என்று நிறுத்தி, பணிவாகக் கூரையைப் பார்த்தார். "அவரும் தவழ்ந்தாயிற்று. மற்றவர்கள் துணைக்குத் தவழ்ந்தார்கள். எல்லப்பன் ஒருவன்தான் தவழவே இல்லை. அவன் படுத்திருந்தான்."

ராஜா முறைத்தார். மீசை துடித்தது. பிச்சாண்டியின் அடிவயிறு பேரிகை இல்லாமலே அதிர்ந்தது. அப்புறம் ராஜாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தம் பட்டுச் சால்வையை எல்லப்பனுக்கும், முத்துமாலையைப் பிச்சாண்டிக்கும் போட்டார். அதே உற்சாகத்தில், சிம்மாசனத்திலிருந்து இறக்கி வைத்திருந்த பழைய பேரிகையிடம் போய்க் கோலை ஓங்கினார். பிச்சாண்டி ஓடி வந்து கும்பிட்டார்.

"காரணமானவர் தொடக் கூடாது, மகாராஜா!"

"அட, போய்யா! நான் தவழ்ந்ததை யார் பார்த்தது?"

"மனிதர் ஒருவரும் பார்க்கவில்லை, மகாராஜா. எல்லோரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே உட்கார்ந்து பார்த்தது இந்தப் பேரிகை ஒன்றுதான். தட்டினால் ஊருக்கே சொல்லிவிடும்."

ராஜா கோலை மெல்லக் கீழே வைத்தார்.