சாட்சி சொல்லாத புறா

மனிதர்களும் பறவைகளும் ஒரே பேச்சுப் பேசிவந்த அந்தக் காலத்தில், புறாவைப் போலத் தெளிவான குரல் வேறு எந்தப் பறவைக்கும் கிடையாது. இங்கிலாந்தில் கம்பளி நெய்கிற ஓர் ஊரில், ஹாவிஸ் என்ற விதவையின் தறிக்கு மேலே, உத்தரத்தில் அப்படியொரு புறா குடியிருந்தது.

ஹாவிஸ் நெய்யும்போது வேதத்தை மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பாள். தேவாலயத்தில் ஓதுகிற லத்தீனில் அல்ல, சந்தையில் மீன் விலை கேட்கிற ஆங்கிலத்தில். அது உயிரோடு எரிக்கப்படுகிற அளவுக்குப் பெரிய குற்றம். அப்படிச் சொல்கிறவர்களை, தேவாலயங்களுக்குத் தலைவரான ஆயரின் ஆட்கள் ‘லொல்லார்டு’ என்று ஏசினார்கள். வாய்க்குள் முணுமுணுக்கிறவர் என்று அர்த்தம்.

ஒருநாள் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டைக் குடைந்தும் ஆங்கில வேதப் புத்தகம் எதுவும் அகப்படவில்லை. அவளுக்கு எல்லாம் மனப்பாடம். காதால் கேட்ட சாட்சி இருந்தால்தான் அவளை எரிக்க முடியும். அதனால் புறாவைக் கூண்டில் அடைத்து ஆயரின் மன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

“இவள் தறியில் என்ன சொன்னாள்? ஒரு வார்த்தை விடாமல் சொல். தேவாலயக் கோபுரத்திலேயே உனக்கு இடம் தருகிறேன்” என்றார் ஆயர்.

புறாவுக்குப் பொய் சொல்ல வராது. அது ஹாவிஸைப் பார்த்தது.

“கேட்டதைச் சொல்லிவிடு, கண்ணு. நான் சொன்னதில் வெட்கப்பட ஒன்றுமில்லை” என்றாள் அவள்.

புறா கழுத்தைப் புடைத்துக்கொண்டு ஆரம்பித்தது. ஒரு வரி விடாமல் சொன்னது. ஆனால் எல்லாவற்றையும் தொண்டைக்குள்ளேயே உருட்டிச் சொன்னது.

ஆயர் மேசையைத் தட்டினார். “தெளிவாகச் சொல்! நீயும் லொல்லார்டா?”

“ஆமாம், நானும் லொல்லார்டுதான்!” கடைசி வரிசைவரை கேட்டது அந்தக் குரல். “இனி என் வாயிலிருந்து உமக்குப் புரிகிற ஒரு சொல்கூட வராது.”

மூன்று நாள் இரை போடாமல் வைத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. கூரைமேலிருந்த மற்றப் புறாக்களைக் கேட்டார்கள். அவையும் அதேபோல் முணுமுணுத்தன. வேறு சாட்சி இல்லாமல் ஹாவிஸை விட்டுவிட வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்தவள் தெருக்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நெய்ய உட்கார்ந்தாள்.

புறாக்கள் தொண்டைக்குள்ளேயே பேசுவது அன்று முதல்தான். சொல்ல வேண்டியதை அவை முழுவதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. காட்டிக்கொடுக்கக் காத்திருப்பவர்களுக்குத்தான் ஒன்றும் விளங்குவதில்லை.