ஊர்த் துணியெல்லாம் சபைக்கு வந்த கதை

முன்னொரு காலத்தில், எந்தச் சீமை என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாத ஒரு சீமையில், அரைகுறை என்றாலே ஆகாத ராஜா ஒருவர் இருந்தார். எதுவும் அவருக்கு முழுசாக வேண்டும். பாயசம் ஒரு கரண்டிதான் குடிப்பார்; ஆனால் அதற்கு முன் அண்டாவையே தூக்கிவந்து எதிரில் வைத்துக் காட்ட வேண்டும். இந்தப் பித்து சமையல்கட்டோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒருநாள் அது நியாயசபைக்குள்ளும் நுழைந்துவிட்டது. “இனி எந்த வழக்கிலும் சாட்சியம் முழுமையாக இருக்க வேண்டும். வழக்காடுகிறவர் எதைக் கேட்டாலும், அது யார் கையில் இருந்தாலும், ஒன்று விடாமல் கொண்டுவந்து வைக்க வேண்டும்” என்று முரசறையச் சொல்லிவிட்டார்.

முரசுச் சத்தம் ஆற்றுத் துறையில் துவைத்துக்கொண்டிருந்த செம்பாயியின் காதிலும் விழுந்தது. நமக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் அடுத்த வேட்டியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். பாவம், சம்பந்தம் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டது அவளுக்குத் தெரியாது.

செம்பாயி அந்த ஊருக்கே சலவைக்காரி. அரண்மனைத் துணியும் அவளிடம்தான் வெளுப்புக்கு வரும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் துணி யாருடையது என்பதில் ஒருநாளும் தவறியதில்லை. சேங்கொட்டைப் பாலை ஈர்க்கால் தொட்டு, துணியின் முனையில் வீட்டுக்கொரு குறி போட்டுவைப்பாள். எத்தனை முறை வெள்ளாவி வைத்தாலும் அந்தக் கறுப்புப் போகாது.

அவளிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டில் விசேஷம் வந்து, கட்டிக்கொள்ள நல்ல துணி இல்லாதவர்கள் கொல்லைப்புறமாக வந்து நிற்பார்கள். வெளுப்புக்கு வந்த துணியில் ஒன்றை இரவல் கொடுப்பாள். மூன்றாம் நாள் வாங்கி, மறுபடி வெளுத்து, உடையவர் வீட்டில் சேர்ப்பாள். ஊரில் பாதிப்பேர் மீதிப்பேரின் துணியைக் கட்டிக்கொண்டுதான் கல்யாணத்தில் சந்தனம் பூசிக்கொண்டார்கள். யாருடையது யார் இடுப்பில் என்பது செம்பாயி ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாய் திறந்ததில்லை.

சிக்கல் ஒரு பட்டுப்புடவையால் வந்தது. கீழ ராஜவீதியில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் தில்லைவனமும் ஏகாம்பரமும். இருவர் வீட்டிலும் ஒரே தறியில் நெய்த மாம்பழ நிறப் பட்டு இருந்தது. ஏகாம்பரம் வீட்டுப் பட்டை எலி கடித்து நாசமாக்கிவிட்டது. சில நாள் கழித்து தில்லைவனம் வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த பட்டு காற்றில் பறந்து ஏகாம்பரம் வீட்டு மாடியில் விழுந்தது. விழுந்தது தன்னுடையதுதான் என்று ஏகாம்பரம் சாதித்தார். பார்த்தால், முனையில் இருந்த குறியில் பாதி கிழிந்துபோயிருந்தது. அது தானாகக் கிழிந்ததா என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மகளின் கல்யாணப் புடவை போய்விட்டதே என்று தில்லைவனம் சபையில் வழக்கு வைத்தார். “குறி போட்ட செம்பாயியைக் கேளுங்கள் அரசே” என்றார்.

செம்பாயிக்கு ஆள் போயிற்று. ஒரு பார்வை பார்த்தால் சொல்லிவிடலாம் என்றுதான் அவளும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் ஏகாம்பரத்தின் மைத்துனர் மந்திரி கருணாகரர். கருணையெல்லாம் அவருக்குப் பெயரோடு சரி. அவள் வாயைத் திறப்பதற்கு முன் எழுந்து ஓர் ஓலையை நீட்டினார்.

“அரசே, ஒரு குறியை நம்ப வேண்டுமானால் எல்லாக் குறிகளையும் பார்த்தாக வேண்டும். ஆகையால் செம்பாயியின் குறி விழுந்த துணி யாவும், ஒன்று விடாமல், எவரிடம் இருப்பினும், வழக்கு முடியும்வரை சபையில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு குறியும் எந்த வீட்டுக்குரியது என்பதை இவள் சபையறியச் சொல்லுதல் வேண்டும்.”

ராஜாவுக்குப் புல்லரித்துவிட்டது. “ஆகா! எவரிடம் இருப்பினும்! இதுவல்லவோ முழுமை!”

செம்பாயி திரும்பினாள். சபையில் கூடியிருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். அங்கே மட்டும் எட்டு இரவல் வேட்டி உட்கார்ந்திருந்தது.

“மகாராசா, நான் வாதியுமில்ல, பிரதிவாதியுமில்ல. அந்தப் பொடவையக் காட்டுங்க, பாத்துச் சொல்லிட்டுப் போறேன். ஊரு சனம் துணி எதுக்கு? அத நான் தரமாட்டேன்.”

சபை ஆடிப்போய்விட்டது. ராஜாவிடம் மாட்டேன் என்று அதுவரை ராணியைத் தவிர யாரும் சொன்னதில்லை. மந்திரி குழைந்தார். “அரசே, கட்டளையை மீறினால் இவள் துணி உலர்த்தும் மேட்டைப் பறிமுதல் செய்யலாம். ஆனாலும் ஏழைகள் என்றால் உருகுகிறவர் நம் விகடகவி அம்பலக்கூத்தன். இந்தத் தகராறை அவரே தீர்க்கட்டுமே?”

இது கூத்தனுக்கு வெட்டிய குழி. செம்பாயி பக்கம் பேசினால் ராஜாவின் முழுமைச் சட்டத்தை அவமதித்தவனாவான். மந்திரி பக்கம் பேசினால் ஊர் காறித் துப்பும். ராஜா அவனுடைய சிரிப்பையே விரும்புகிறார் என்ற பொருமல் மந்திரிக்கு நெடுநாளாக உண்டு.

“நாளைக் காலையில் தீர்ப்புச் சொல்கிறேன் அரசே” என்றான் கூத்தன்.

பொழுது சாயும் முன் அவன் துறைக்கே வந்துவிட்டான். கரையில் குந்தி, கால் இரண்டையும் தண்ணீரில் விட்டுக்கொண்டான்.

“ஏன் செம்பாயி, துணியைக் கொடுத்தால் என்ன?”

“குடுத்தா என் பொழப்புப் போச்சு சாமி. அதக்கூட விடுங்க. ஊருல பாதிப்பேரு மானம் போச்சு. ஒரு துணி இருக்கு… அது யாருதுன்னு வெளிய தெரிஞ்சா என் தலையே போச்சு. ஒரு பெரிய மனுசர் வந்து, இருக்குறதுலயே உசத்தியானதக் குடு, இல்லேன்னா தொறையப் புடுங்கிருவேன்னு மெரட்டுனாரு. குடுத்துத் தொலைச்சேன். அதுக்கு மேல கேக்காதீங்க.”

கூத்தன் கேட்கவில்லை. “அந்தப் பட்டு யாருடையது என்று எப்படிச் சொல்வாய்? குறிதான் கிழிந்துவிட்டதே?”

“கிழிஞ்சா என்ன? தெருவுல கெழக்குச் செறகு வரிசை வீடுங்களுக்கு முந்தானையில வலது மொனையில போடுவேன், மேக்குச் செறகுக்கு எடது மொனையில. மிச்சம் ஒரு புள்ளி இருந்தாலும் போதும்.”

“அரண்மனைத் துணிக்கும் உன் குறி உண்டா?”

“மகாராசா கட்டுற கோவணம் வரைக்கும் என் குறிதான்.”

கூத்தன் விழுந்து விழுந்து சிரித்தான். தண்ணீரிலேயே விழுந்திருப்பான், செம்பாயிதான் துண்டைப் பிடித்து இழுத்தாள். இந்த ஆள் எனக்கு ஏதோ நல்லது செய்வான் என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

மறுநாள் காலையில் அந்த எண்ணம் தவிடுபொடியானது. “மந்திரியாரின் ஓலையை எழுத்துக்கு எழுத்து ஏற்கிறேன்” என்று கூத்தன் சபையில் தீர்ப்புச் சொன்னான். “செம்பாயியின் குறி உள்ள துணி எவரிடம் இருப்பினும் இன்று சூரியன் மறைவதற்குள் வந்து சேர வேண்டும். நாளைக் காலை சபையில் குறி படிக்கப்படும். எவரும் வராமல் இருக்கக்கூடாது.”

“நல்லா இருப்பியா நீ!” என்று செம்பாயி சபை என்றும் பாராமல் கத்திவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. இவனையா நம்பினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மந்திரி மீசையைத் தடவிக்கொண்டார். அவர் கை மீசையில் இருக்கும்போதே கூத்தன் சேவகர்களைப் பார்த்து, “முதலில் அரண்மனை. அடுத்தது மந்திரியார் மாளிகை” என்றான்.

அன்று அந்த ஊரில் நடந்ததை எப்படிச் சொல்ல! சேவகர்கள் வீடு வீடாகப் புகுந்து முனையைத் திருப்பிப் பார்த்தார்கள். கறுப்புக் குறி கண்டால் உருவினார்கள். வேட்டி போயிற்று, துண்டு போயிற்று, தலையணை உறை போயிற்று. அந்தப்புரத்தில் மட்டும் ராணி அவர்களை வாசலிலேயே நிறுத்தி, “வேண்டுமானால் உங்கள் ராஜாவை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்” என்று திருப்பி அனுப்பினார். ராஜா போகவில்லை. ஊர்ப் பெண்களும் அதே பதிலைச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

மறுநாள் சபை கூடியது. சித்திரை வெயில் காலையிலேயே கொளுத்தியது. நடுவில் ஆள் உயரத்துக்குத் துணிக்குவியல். சேனாதிபதி சாக்குக்குள் நின்றார். புலவர் இருவர் ஒரே வாழையிலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மந்திரி கருணாகரர் கோரைப்பாயைச் சுற்றி, கயிற்றால் கட்டியிருந்தார், உட்கார முடியவில்லை. ராஜாவிடம் வெளுப்புக்கே போகாதது ஒன்றுதான் இருந்தது. முடிசூட்டு விழாவில் போட்ட கம்பளி அங்கி. அதற்குள் அவர் வெந்துகொண்டிருந்தார். கூத்தன் ஒரு பெரிய மண்பானையின் அடியை உடைத்து, அதற்குள் நின்றுகொண்டிருந்தான்.

“சீக்கிரம் ஆரம்பி” என்றார் ராஜா, வேர்வையைத் துடைக்கத் துண்டில்லாமல்.

செம்பாயி குவியலருகே நின்றாள். கூத்தன் பானையோடு தத்தித் தத்திப் போய் மேலிருந்து ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தான். முழு நீளக் கோவணம். ஏழு இடத்தில் ஒட்டு.

“மூன்று கோடும் மேலே ஒரு வட்டமும். இந்தக் குறி யாருடையது? சபையறியச் சொல் செம்பாயி.”

செம்பாயி ராஜாவைப் பார்த்தாள். ராஜா கூரையைப் பார்த்தார்.

“அது… அரமணைக் குறிங்க.”

சபையில் யாரோ இருமினார்கள். உண்மையில் அது இருமல் இல்லை. ராஜாவின் முகம் அங்கியின் சிவப்புக்கு வந்துவிட்டது. “போதும், கீழே வை! என் கோவணத்துக்கும் அவர்கள் புடவைக்கும் என்னடா சம்பந்தம்?”

“அதைத்தான் அரசே, முந்தாநாள் செம்பாயியும் கேட்டாள்” என்றான் கூத்தன். “சரி, ஓலையில் உள்ளபடி அடுத்தது.”

அவன் அடுத்து எடுத்ததைப் பார்த்ததும் செம்பாயி ஓர் அடி முன்னால் வந்தாள். பச்சைப் பட்டுச் சால்வை. அண்டை நாட்டு மன்னர் தனக்குப் பரிசளித்ததாகச் சொல்லி மந்திரி மாதாமாதம் சபைக்குப் போர்த்திவந்த சால்வை. ராஜாவே ஒருமுறை, “எனக்கும் இதேபோல் ஒன்று இருந்ததாக ஞாபகம்” என்று சொல்லியிருக்கிறார்.

மந்திரி அதன் முனையைப் பார்த்தார். மூன்று கோடு, மேலே ஒரு வட்டம். யார் துணியைத் தான் போர்த்திக்கொண்டு யார் முன்னால் நின்றோம் என்பது அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. பாய் நடுங்கியது.

“இது யாருடைய குறி செம்பாயி?”

“அரசே!” என்று மந்திரி அலறினார். “என் ஓலையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்! மற்றவர் துணி எதற்கு? வழக்குக்கு உரிய புடவை ஒன்று போதும், ஒன்றே போதும்!”

ராஜா திரும்புவதற்குள் செம்பாயி சால்வையைக் கூத்தன் கையிலிருந்து வாங்கினாள். குறி உள்ளே போகும்படி நாலாக மடித்தாள். குவியலின் அடியில் செருகினாள்.

“அப்படியானால் புடவையைக் கொண்டுவாருங்கள்” என்றான் கூத்தன். “கூடவே இரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு சேலையை, அவர்களே கொடுப்பதை வாங்கி வாருங்கள். அதற்குமேல் ஒரு நூல்கூட வேண்டாம்.”

வந்தது. ஏகாம்பரம் கிழக்குச் சிறகு. அவர் வீட்டுச் சேலையில் குறி வலது முனையில். தில்லைவனம் மேற்குச் சிறகு; அவருடையதில் இடது முனையில். பட்டில் கிழிந்து மிஞ்சியிருந்த பாதிக் குறி இடது முனையில் பல்லைக் காட்டியது. எச்சில் விழுங்கும் நேரத்தில் வழக்கு முடிந்துவிட்டது. ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டார். தில்லைவனம் புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார்.

ராஜா குவியலைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். முதலில் அங்கி குலுங்கியது. பிறகு சிரிப்பு வெளியே வந்தது. கம்பளிக்குள் மூச்சுத் திணறும் அளவுக்குச் சிரித்தார். “அண்டாவைக் கேட்டு அண்டாவுக்குள்ளேயே விழுந்துவிட்டேனடா கூத்தா! இனி என் சபையில் வழக்குக்கு வெளியே இருப்பவரிடம் தேவையானதை மட்டும்தான் கேட்க வேண்டும். உனக்கு என்ன வேண்டும், கேள்.”

“இந்தத் துணியெல்லாம் இரண்டு நாளாகத் தரையில் கிடந்து அழுக்காகிவிட்டது அரசே. செம்பாயி இதைக் கேட்கவில்லை. கேட்டவர் யாரோ அவரே துவைத்துக் கொடுக்க வேண்டும். பிறகு, அந்த உலர்த்தும் மேடு செம்பாயிக்கே என்று ஓலை எழுதித் தர வேண்டும். எனக்கு என் வேட்டி கிடைத்தால் போதும். பானைக்குள் எறும்பு இருக்கிறது.”

மேட்டுக்கு ஓலை எழுதப்பட்டது. கூத்தனுக்கு ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். அது பானைக்குள் விழுந்து, எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

பதினோரு நாள் மந்திரி கருணாகரர் துறையில் துவைத்தார். செம்பாயி கரையில் நின்று, “இன்னும் ஓங்கி அடிங்க சாமி, அழுக்கு அப்படியே இருக்கு” என்று சொல்லிக்கொடுத்தாள். பச்சைச் சால்வையை அவள் முதல் நாளே வெளுத்து அரண்மனைப் பெட்டியில் சேர்த்துவிட்டாள்.

கடைசி நாள், கைகள் இரண்டும் ஊறிச் சுருங்கியிருக்க, மந்திரி அவள் அருகில் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, “செம்பாயி… அந்தச் சால்வை விஷயம்…” என்றார்.

செம்பாயி பிழிந்த வேட்டியை உதறினாள். அவர் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

“எந்தச் சால்வை சாமி?” என்றாள்.