உள்ளங்கையில் இருந்த சூடு

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் சம்பந்தி லோகாம்பாள். என் இளைய மகளுக்கு வளைகாப்பு நடந்த அன்று மத்தியானம், பந்தியெல்லாம் முடிந்து, மிஞ்சிய கண்ணாடி வளையல்களை நூலில் கோத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அப்போது சொன்னார். அவர் சொன்ன மாதிரியே சொல்லப் பார்க்கிறேன்.

நீர்க்குன்றத்து அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்துகிறவர் தவமணி அம்மா. வயது முப்பத்திரண்டுதான். தலை நரைத்தவர்கள்கூட அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரோ தன்னைவிட மூத்தவர்களை அக்கா, அண்ணன் என்பார்.

ஒரு நாள் காலையில் அவர் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். பொற்கொடி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, எனக்குக் கண்ணு வந்துச்சு. சாமி போயிட்டாரு."

"எங்கக்கா போனாரு?"

"தெரியல."

"கண்ணுதான் வந்துருச்சே. தேடிப் பாக்க வேண்டியதுதானே."

பொற்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா காயைக் கீழே வைத்தார். "முதல்லேருந்து சொல்லுங்க" என்றார்.

பொற்கொடி சொன்னாள்.

அவள் ஒரு கல்லூரி விடுதியில் சமையல் வேலை பார்க்கிறவள். முப்பத்தெட்டு வயது. இரண்டாம் வகுப்பில் ஏறிய கண்ணாடி, வருஷத்துக்கு வருஷம் தடித்துக்கொண்டே போய் மைனஸ் எட்டில் நின்றது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் சோடாபுட்டி. விடுதிப் பிள்ளைகள் மரியாதையாக, சோடாபுட்டி அக்கா.

அந்தக் கண்ணாடி இல்லாமல் தன் கையைக்கூட முகத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பாள்.

அதைக் கழற்றி வைக்கிற ஒரே இடம் இந்த மடம்.

விடுதியில் சாயங்கால டிபனை இறக்கி வைத்துவிட்டு ஓடி வருவாள். வந்து சேரும்போது தீபாராதனை மணி அடிக்கத் தொடங்கியிருக்கும். வாசலிலேயே கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். சுவரைத் தடவிக்கொண்டே போய், கடைசித் தூணுக்குப் பக்கத்தில் தன் இடத்தில் உட்காருவாள்.

அப்போது சுடர் பூக்கும்.

கட்டைவிரல் அளவு சுடர் அவள் கண்ணுக்கு முற்றம் அளவு விரியும். தூண் இருக்காது. சுவர் இருக்காது. முன்னால் இருக்கிற முதுகுகள் இருக்காது. மஞ்சளாக ஒரு வெளிச்சம், அதன் நடுவில் அவள்.

கற்பூரத் தட்டு வரும். இரண்டு கையையும் சுடர்மேல் காட்டி, அந்தச் சூட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கண் நிறைந்துவிடும். யாரிடமும் பேசாமல், ஈரக் கண்ணோடு வெளியே போய், செருப்பு விடுகிற இடத்தில்தான் கண்ணாடியை மறுபடி மாட்டுவாள்.

ஏழு வருஷம் இப்படி.

பிறகு ஒரு நாள் விடுதியில் சோறு வடிக்கும்போது, ஆவியில் கண்ணாடி மூடிக்கொண்டது. கொதிக்கிற கஞ்சி பாதத்தில் கொட்டியது. அந்தப் புண் ஆறுவதற்குள் கண்ணுக்கு லேசர் செய்துகொள்வது என்று முடிவு செய்துவிட்டாள்.

மேலே தெரிகிற பச்சைப் புள்ளியையே பாருங்கம்மா என்றார் டாக்டர். அவள் மனசுக்குள் ஒரு பதிகம் சொல்லத் தொடங்கினாள். பாதிகூட முடியவில்லை, இரண்டு கண்ணும் முடிந்துவிட்டது.

அன்று முழுக்க ஒரு கூடை வெங்காயம் நறுக்கின மாதிரி எரிந்தது. மறுநாள் காலையில் கண்மேல் ஒட்டியிருந்த மூடியை எடுத்தார்கள்.

வாசலில் வேப்பமரம். அதில் இலைகள். ஒவ்வோர் இலையும் தனித்தனியாக, ஓரத்தில் பல் பல்லாக.

கழுத்துக்குக் கீழே குளித்தால் போதும் என்றிருந்தார்கள். குளிக்கும்போது கீழே பார்த்தாள். பத்து விரல் தெரிந்தது. குளிக்கிற நேரத்தில் தன் கால்விரலை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. சொம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பேருந்தில் வரும்போது கடைப் பலகைகளை ஒன்று விடாமல் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். கண்டக்டர் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். அக்கா, ஸ்டாப்பு பேரை நானே சொல்லிக்கிறேன் என்றார்.

காலையில் எழுந்ததும் கை மட்டும் தலையணைப் பக்கம் தடவும். மூக்கின்மேல் விரல் போய் இல்லாத கண்ணாடியைத் தள்ளிவிடும். தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

பன்னிரண்டாம் நாள் மடத்துக்கு வந்தாள்.

வாசலில் கை காதுக்குப் போனது. கழற்ற ஒன்றுமில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தாள். சுடர் கட்டைவிரல் அளவுதான் இருந்தது.

சுடரைச் சுற்றி மற்றதெல்லாம் இருந்தது. விக்கிரகத்தின் வஸ்திரத்தில் ஒரு ஊக்கு. உத்தரத்தில் ஒட்டடை. பாடுகிறவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். முன்னால் இருந்தவரின் குதிகால் வெடிப்பு.

கற்பூரத் தட்டு வந்தது. புகை படாமல் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டினாள். சூட்டை எடுத்துக் கண்ணுக்குக் கொண்டு போனாள். பாதி வழியில் டாக்டர் சொன்னது நினைவு வந்தது. ஒரு மாதத்துக்குக் கண்ணைத் தொடவே கூடாது.

கை அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கிவிட்டது.

அன்று கண் நிறையவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பொற்கொடி இடுப்பிலிருந்து ஒரு கர்சீப்பை எடுத்துப் பிரித்தாள். உள்ளே பழைய கண்ணாடி.

"நேத்து இதைப் போட்டுக்கிட்டும் பார்த்தேம்மா."

"எதுக்கு?"

"பழையபடி கலங்கலாத் தெரியுமேன்னு."

"தெரிஞ்சுதா?"

"கலங்குச்சு. பெரிசாகல. இன்னும் சின்னதாப் போச்சு. தலைவலிதான் மிச்சம்."

அம்மா கண்ணாடியை வாங்கித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார். பொற்கொடியைப் பார்த்தார். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார்.

"அக்கா, இத்தனூண்டு தெரியறீங்க. எங்கயோ தூரத்துல."

இப்போது பொற்கொடி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

இனிமேல் மடத்துக்கு வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாள். ஊக்கையும் ஒட்டடையும் பார்க்க இவ்வளவு தூரம் எதற்கு வர வேண்டும் என்றாள். கண்ணைச் சரி செய்துகொண்டது தப்போ என்றுகூடத் தோன்றுகிறது என்றாள். 

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். மடக்கிக் காய்க்கூடைக்குப் பக்கத்தில் வைத்தார். மறுபடி ஒரு அவரைக்காயை எடுத்தார்.

"கை அந்தரத்துல நின்னுச்சுன்னு சொன்னீங்களே. அப்புறம் கையை என்ன பண்ணீங்க?"

பொற்கொடி யோசித்தாள்.

"முந்தானையில துடைச்சுக்கிட்டேன்."

"சூட்டையா?"

"ஆமா."

"முந்தானைக்குக் கண்ணு இருக்கா?"

பொற்கொடி தன் முந்தானையைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் வாங்கக்கா. நாளைலேருந்து உங்க இஷ்டம்."

நார் உரிபட்டுக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் பொற்கொடி வந்தாள். மணி அடித்தது. அம்மா வழக்கம்போல எல்லோருக்கும் முதுகு காட்டி, விளக்கைப் பார்த்து நின்று பாடினார். அந்த மடத்தில் பாட்டு முடிகிறவரை அவர் திரும்ப மாட்டார்.

சுடர் கட்டைவிரல் அளவுதான் இருந்தது.

தட்டு வந்தது. கையைக் காட்டினாள். சூடு ஏறியது. கண்ணுக்குப் போக முடியாது. முந்தானைக்குப் போக மனசில்லை.

இரண்டு உள்ளங்கையையும் முன்னால் ஏந்திக்கொண்டு, எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தாள்.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் மட்டும் மூடவில்லை.

அவளுக்கு இடப்பக்கத்தில், ஒரு கை தூரத்தில், ஒரு அம்மாள் நாற்காலியில் இருந்தார். ஏழு வருஷமாக அந்தப் பக்கம் ஒரு பச்சை நிறம் இருக்கும், தைல வாசனை இருக்கும். அவ்வளவுதான் பொற்கொடிக்குத் தெரியும்.

பச்சைப் புடவை. மடியில் இரண்டு கை. விரலெல்லாம் வாதத்தில் உள்ளே மடங்கிக் கிடந்தது.

தட்டு அந்த அம்மாளுக்கு முன்னால் வந்தது. அவர் கை எழும்பவில்லை. எழும்பாத கைக்கு முன்னால் தட்டு நிற்கவில்லை. அது நகர்ந்து போக, அதன் பின்னாலேயே அவர் கழுத்து கொஞ்ச தூரம் போனது. எட்டுகிற மட்டும் போய், திரும்பி வந்தது.

அந்த முகம் அதற்குப் பழகிப்போயிருந்தது. அதையும் பொற்கொடி பார்த்தாள்.

எழுந்தாள். சூடு ஆறுவதற்குள் போய், அந்த அம்மாளின் இரண்டு கண்ணிலும் தன் உள்ளங்கையை வைத்தாள்.

அவர் திடுக்கிடவில்லை. இமை மூடிக்கொண்டது. கைக்குள்ளே இமை மயிர் துடிப்பது தெரிந்தது. பிறகு ஈரம் தெரிந்தது.

எடுக்கப் போனாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் வையி தாயி" என்றார் அவர்.

வைத்திருந்தாள். பாட்டு முடிந்தது. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வெளியே செருப்புச் சத்தம் கேட்டு அடங்கியது.

இந்த இடத்தில் லோகாம்பாள் வளையல் கோப்பதை நிறுத்திவிட்டார். நானும்தான்.

மறுநாள் காலையில் பொற்கொடி மடத்துக்கு வந்தாள். அம்மா எடுத்து வைத்திருந்த பழைய கண்ணாடி ஜன்னல் படியில் இருந்தது. அதை எடுத்துக்கொள்ள வரவில்லை. கூடத்தில் போய், சாயங்காலத்துக்குத் தன் பாயை எடுத்து, அந்த நாற்காலியை ஒட்டிப் போட்டாள்.

தவமணி அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சாமி வந்தாரா?"

"அவங்க பேரு செண்பகம்" என்றாள் பொற்கொடி.

அம்மா அந்த நாற்காலிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார்.

கதையைச் சொல்லி முடித்ததும் லோகாம்பாள் என்னிடம் ஒன்று கேட்டார். அதையே நான் உங்களிடம் கேட்கிறேன். இன்று விளக்கேற்றும்போது, செண்பகத்தின் கைகளுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.