வியன்னாவில் அசல் சுஷி தேடிய மூவர்

வியன்னா ஊரில், டிராம் வண்டி கிறீச்சென்று திரும்புகிற ஒரு தெருவில், மூன்று திருநெல்வேலிப் பிள்ளைகள் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். நெல்லையப்பன், அருமைநாதன், மாசிலாமணி. மூவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. சொன்னதைச் சொன்னபடி செய்வது கம்ப்யூட்டரின் குணம், பழகப் பழக இவர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது என்று சிலர் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து பிறவியிலேயே அப்படித்தான். ஒருமுறை மேனேஜர் கோபத்தில், "என் கண்ணிலேயே முழிக்காதே" என்று சொல்லிவிட, அருமைநாதன் எட்டு நாள் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்த்தான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

இதில் நெல்லையப்பனுக்கு ஒரு காதல் வேறு. பெண் பெயர் தமயந்தி. பாளையங்கோட்டையில் பல் டாக்டர், கெட்டிக்காரி. இவனிடம் என்னத்தைக் கண்டாளோ, அது அவள் பாடு.

அவள் அப்பா உலகநாதன், ஓசாக்காவில் ஒரு கப்பல் கம்பெனியில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஊரில் 'ஓசாக்கா உலகநாதன்' என்றால்தான் ஆளைத் தெரியும். யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் இலையைப் பார்த்து, "எல்லாம் சரிதான். ஆனா ஜப்பான்காரன் சுஷி மாதிரி வருமா?" என்று பெருமூச்சு விடுவார். சுஷி என்றால் சோற்றுக் கவளத்தின்மேல் பச்சை மீன் துண்டு வைத்தது. அவர், ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைப் பையனைப் பார்க்க வியன்னாவுக்கு வருவதாக நெல்லையப்பனுக்குப் போன் செய்தார்.

"தம்பி, அந்த ஊர்ல அசல் சுஷிக் கடை எதுன்னு கண்டுபிடிச்சு வைங்க. வந்ததும் அங்கதான் சாப்பாடு. ஒரு நல்ல கடையைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாதவனுக்கு என் மகளைக் கொடுக்க மாட்டேன். விளங்குதா?"

"விளங்குது மாமா. அசல்னு எப்படித் தெரியும்?"

"மூணே விஷயம். படம் போட்டிருந்தா அந்தக் கடைக்குள்ள காலே வைக்கக் கூடாது. மீன் வாடை அடிக்கவே கூடாது. ஜப்பான்காரங்க எங்க கூட்டமா உக்காந்து சாப்பிடுதாங்களோ, அதுதான் அசல் கடை."

மெனு அட்டையில் பளபளவென்று படம் போட்ட கடையைத்தான் அவர் சொன்னார். நெல்லையப்பன் அவர் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டான். எழுதி முடித்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "தமயந்தி இல்லன்னா நான் செத்தே போவேன்லே" என்று விம்மினான். மற்ற இருவரும் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, சனிக்கிழமை காலையிலேயே அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

முதல் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. ஆறே நாற்காலி. ஒரு ஜப்பான் தாத்தா, வெந்த சோற்றை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். வாசலிலேயே மூவரும் நின்றுவிட்டார்கள்.

"படம் இருக்கான்னு உள்ள போய்ப் பாரு" என்றான் மாசிலாமணி.

"உள்ள போனா கால் வச்சதா ஆயிருமே. படம் இருந்துட்டா?" என்றான் நெல்லையப்பன்.

"போகாமப் பார்த்தா?"

"போகாம எப்படிலே பார்க்க?"

அருமைநாதன் நெடுநேரம் யோசித்தான். "மாமா காலைத்தான் வைக்கக் கூடாதுன்னாவ. தலையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றான். சரியான பேச்சு. நெல்லையப்பனைக் குறுக்காகத் தூக்கி, ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு, தலை வழியாக மெதுவாகக் கடைக்குள் செலுத்தினார்கள். தரைக்கு மூன்றடி உயரத்தில் ஒரு தலை மிதந்து வருவதைக் கண்ட தாத்தா திகைத்துப்போனார். ஆனாலும் வாடிக்கையாளர் ஆயிற்றே என்று குனிந்து வணங்கினார். நெல்லையப்பனும் படுத்தவாக்கிலேயே வணங்கினான். அப்போதுதான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். அதில் ஒரு மலை.

"படம்! படம்! இழுங்கலே!"

இழுத்துவிட்டார்கள். வியன்னாவில் அதைவிட அசலான கடை கிடையாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இவர்கள் அந்தக் கடையே வேண்டாம் என்று அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள்.

இனி மூக்கை நம்புவது என்று முடிவாயிற்று. கடை கடையாக மோந்துகொண்டே நடந்தார்கள். சுஷிக் கடைகளில் கொஞ்சம் வாடை இருந்தது, காய்கறிக் கடையில்கூட ஏதோ இருந்தது. கடைசியில் ஒரு கண்ணாடிக் கதவுக்குள் மூக்கை நீட்டிய மாசிலாமணி அசந்து நின்றான்.

"ஒரு பொட்டு மீன் வாடை இல்லலே! மூணு தடவை மோந்துட்டேன்."

அது மூக்குக் கண்ணாடிக் கடை.

"ஆனா இங்க மீனே இல்லையே?" என்றான் அருமைநாதன்.

"மீன் இருக்கணும்னு மாமா சொன்னாவளா?"

சொல்லவில்லைதான். உள்ளே போய்ச் சாப்பாட்டுக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு அம்மா நெல்லையப்பன் கண்ணில் ஒரு வளையத்தை மாட்டி, எதிர்ச் சுவரில் விளக்கைப் போட்டாள். மேலே பெரிய எழுத்து, கீழே வரவரச் சின்ன எழுத்து.

"மெனுவைப் பாருங்கலே! ஒரு படம்கூட இல்ல!" என்று பூரித்துப்போனான் நெல்லையப்பன். பசி அதிகமாக இருந்ததால் மேல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை எல்லாவற்றையும் உரக்கப் படித்து ஆர்டர் கொடுத்தான். அந்த அம்மா, பார்வை பிரமாதம், கண்ணாடியே வேண்டாம் என்று கைகுலுக்கி அனுப்பிவைத்தாள்.

"எல்லாம் தீர்ந்துபோச்சு போல" என்றான் மாசிலாமணி. "நல்ல கடைன்னா அப்படித்தான்."

மணி ஒன்றாயிற்று. பசியில் கண் இருட்டியது. அந்த நேரம் பார்த்து, ஜப்பான் கொடி கட்டிய குச்சியைப் பிடித்தபடி ஒரு பெண் போக, அவள் பின்னால் நாற்பது ஜப்பான்காரர்கள் வரிசையாகப் போனார்கள். நெல்லையப்பனுக்கு உயிர் வந்தது. மூவரும் வரிசைக் கடைசியில் சேர்ந்துகொண்டார்கள். அரண்மனைக்குப் போனார்கள், கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள், வயலின் வாசிக்கிற சிலையோடு குரூப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று மணிக்கு ஊர்வலம் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. டூரிஸ்ட் பஸ் வந்து நின்றால், நீள மேஜையில் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் ஆளுக்கொரு தட்டு வந்துவிடும். வாயைத் திறக்கவே வேண்டாம். வந்தது ஷ்னிட்ஸல். கோழிக்கறியைத் தட்டித் தட்டி அகலமாக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. தட்டுக்கு வெளியே நாலு பக்கமும் தொங்கியது.

"இதுதான் சுஷியா?" என்றான் அருமைநாதன்.

"நாப்பது ஜப்பான்காரங்க சாப்பிடுதாங்க. அவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?" என்றான் நெல்லையப்பன்.

"மீன் வாடை?"

"கிடையாது."

"படம்?"

மூவரும் சுவரைச் சுற்றிப் பார்த்தார்கள். மான் தலை ஒன்று மாட்டியிருந்தது. "இது படமில்ல, ஆளே நேர்ல வந்திருக்காரு" என்று மாசிலாமணி தீர்ப்புச் சொன்னான்.

மறுநாள் உலகநாதன் வந்து இறங்கினார். மூவரும் நேரே கூட்டிப்போன அதே கடை வாசலில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. காரணத்தை உங்களிடம் சொல்வதற்கென்ன? பதினெட்டு வருஷத்தில் மனிதர் ஒரு சுஷியைத் தொட்டதில்லை. பச்சை மீன் என்று கேட்டதிலிருந்தே பயம். அறையில் ரசம் வைத்துச் சாப்பிட்டே காலத்தை ஓட்டிவிட்டார். இப்போது மாப்பிள்ளைக்கு முன்னால் மாட்டிக்கொண்டோமே என்று உள்ளே நடுக்கம். வெளியே மட்டும் மிடுக்கு.

நீள மேஜையில் உட்கார்ந்ததும், எதையாவது கேட்டுத் தொலைத்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில் கண்டிப்பாகச் சொன்னார்: "இந்த மாதிரிக் கடைக்குள்ள நாமளா வாயைத் திறந்து எதையும் கேக்கக் கூடாது. கொடுக்கிறவங்களா பார்த்துக் கொடுக்கணும். கேட்டா மரியாதை இல்ல."

மூவரும் தலையாட்டினார்கள். பஸ் வந்தது. தட்டும் வந்தது. பொன்னிறமாகப் பொரித்த கறியைக் கண்டதும் உலகநாதனுக்குப் போன உயிர் திரும்பியது. ஒரு துண்டு வாயில் போட்டார். கண் கலங்கிவிட்டது.

"அப்படியே ஓசாக்கா!" என்றார். "பதினெட்டு வருஷம் நான் சாப்பிட்டது இதேதான்யா!"

மனசு குளிர்ந்துவிட்டது. நெல்லையப்பன் தோளில் கை போட்டார். "சரி, மாப்ளே. எங்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

அவன் தமயந்தியைத் தரச்சொல்லித்தான் கேட்கவேண்டும். ஆனால் கடைக்குள் அல்லவா உட்கார்ந்திருக்கிறான்? இல்லை என்று தலையாட்டினான்.

"கூச்சப்படாதீங்க. கார்? வீடு?"

தலையாட்டினான். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"நகைநட்டு?"

அருமைநாதனும் மாசிலாமணியும் சேர்ந்து மூன்று தலையாக ஆட்டினார்கள்.

உலகநாதன் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இந்தக் காலத்துல ஒண்ணுமே கேக்காத பையனா! என் மகள் உனக்குத்தான்யா!" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினார். ஜப்பான்காரர்கள் கைதட்டினார்கள். ஊருக்குப் போன் போட்டு முகூர்த்தம் குறிக்கவேண்டும் என்று அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கு ஓடினார்.

சாயங்காலம் தமயந்தி சந்தோஷம் தாங்காமல் கூப்பிட்டாள். "அப்பா எல்லாம் சொல்லிட்டாங்க! நீங்க எங்க இருக்கீங்க?"

"கடையிலதான்" என்றான் நெல்லையப்பன், வாயில் எதையோ மென்றுகொண்டு.

"அப்பா ஓட்டல் ரூமுக்கு வந்து அஞ்சு மணி நேரமாச்சே!"

"பஸ் வந்துக்கிட்டே இருக்கு தமயந்தி. ஒவ்வொரு பஸ்சுக்கும் ஒரு தட்டு வைக்காங்க. பில்லைக் கேட்டாத்தான் விடுவாங்க. கேக்கக் கூடாதே."

"கடவுளே! முதல்ல எந்திரிங்க!"

மூன்று நாற்காலியும் ஒரே நேரத்தில் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம்.

"எந்திரிச்சாச்சு. கையில தட்டோட நிக்கோம். ஒம்பதாவதை நின்னுக்கிட்டே சாப்பிடலாமான்னு உங்கப்பாகிட்ட கேட்டுச் சொல்லு. நீ கேக்கலாம், நீ கடைக்குள்ள இல்லையே."