தண்ணீர்த் தடம்

மனிதத் தோலையும் முடியையும் தாங்கி நிற்பது கெரட்டின் என்ற புரதம். அதன் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்தச் சின்ன உயிரையே அதைச் செய்யவைப்பது நசீரின் ஆய்வுக்கூடத்து வேலை. மருந்தல்ல, தொட்டாலே தோல் கொப்பளிக்கும் குழந்தைகளின் நோயை ஆராய்கிறவர்களுக்குப் போகும் பொருள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புரதத்தைச் செய்தவரே குப்பியின் மேல் தன் பெயரை எழுதவேண்டும்.

அந்தப் பெயருக்காகத்தான் செங்கமலம் வந்திருந்தாள். பள்ளியில் வேதியியல் நடத்தியவள், தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். நசீர் வயதில் இளையவர். அவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் அவரை "சார்" என்பாள்.

அன்று, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஜெல் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுடைய கரைசல் ஓடிய தடத்தில், கெரட்டின் நிற்கவேண்டிய இடத்திலேயே ஒரு மெல்லிய பழுப்புக் கோடு.

"சார், பேனா குடுங்க. பேர் எழுதணும்."

"பக்கத்துத் தடத்துல என்ன விட்டீங்க?"

"எடம் வீணாப் போகுமேன்னு அதுலயும் என் கரைசலைத்தான் விட்டேன்."

"இன்னொரு தகடு ஓட்டுங்க. பக்கத்துல வெறும் தண்ணி."

"தண்ணியில என்ன சார் தெரியப்போகுது?"

"அதைத்தான் பாக்கணும்."

ஓட்டினாள். தண்ணீர்த் தடத்திலும் அதே இடத்தில் அதே கோடு நின்றது.

"தண்ணிக்குள்ள கெரட்டின் எப்படி சார் வந்துச்சு?"

நசீர் அவள் கையைப் பார்த்தார். கையுறை போட்டால் விரலுக்குக் கண் போய்விடுகிறது என்று சொல்லி அவள் வெறுங்கையோடு வேலை செய்வாள். காதோரம் ஒரு நரைமுடி மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"அது உங்ககிட்டருந்து உதிர்ந்த தோல், டீச்சர். உங்க முடி."

"அப்ப பாக்டீரியா செஞ்சது?"

"பாக்டீரியாவை உடைச்சு, மேல நின்ன தெளிவை எடுத்தீங்க. அடியில இருந்த வண்டல்?"

"கொட்டிட்டேன்."

"கெரட்டின் தண்ணியில கரையாது. அதுலதான் இருந்திருக்கும்."

"அப்ப பேரு?"

"பேனா எதுக்கு? நீங்கதான் உள்ளயே இருக்கீங்களே."

அவள் முகம் சிவந்தது. வகுப்பில் எத்தனை பிள்ளைகளை இப்படி நிற்கவைத்திருப்போம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். முடியைத் தொப்பிக்குள் திணித்தாள். கையுறைக்கு மேல் கையுறை மாட்டினாள். யாராவது தும்மினால் கண்ணாலேயே விரட்டினாள். வண்டலைக் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்து வைத்து, அதையும் கரைக்கவல்ல யூரியாவில் கரைத்து, தகட்டில் ஓட்டினாள்.

இந்த முறை நசீர் கேட்கும் முன்பே தகட்டைத் திருப்பித் தண்ணீர்த் தடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"தண்ணி ஃபெயில், சார்."

அங்கே ஒன்றுமில்லை. தூசு படிந்த நிழல்கூட இல்லை. பக்கத்துத் தடத்தில் கோடு கறுத்துத் தடித்து நின்றது. அவர் அதை ஒருமுறை பார்த்தார். வெறுமையாக இருந்த தடத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

பிறகு எழுந்து நின்றார். சட்டைப்பையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"இப்ப உள்ள நீங்க இல்ல, டீச்சர். வெளியில எழுதுங்க."