ராஜாவின் இடப்பக்க மீசை

கொன்றைமங்கலத்தை வீரகுஞ்சரர் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டு வந்தார் என்பதெல்லாம் ஒரு மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அந்த நாட்டை ஆண்டது அவருடைய மீசைதான்.

மூக்கடியில் புறப்பட்டு இரண்டு காதையும் விசாரித்துவிட்டுத் திரும்பும் மீசை அது. அதைவிட நீளமான மீசை நாட்டில் எவனுக்கும் இருக்கக் கூடாது என்று சட்டம். வெள்ளிக்கிழமை தோறும் ராஜாவின் மீசையை இரண்டு ஓலை நறுக்குகளில் அளப்பார்கள். வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. சேவகர்கள் அந்த ஓலைகளோடு தெருத்தெருவாகப் போய், கூடுதலாக வளர்த்தவனைப் பிடித்து வருவார்கள். அரண்மனை நாவிதன் சடையன் கத்தரித்து அனுப்புவான். வேறு யாரும் மீசையில் கை வைக்க உரிமை இல்லை.

ஊரார் மீசை சடையனுக்கு வாழைப்பழம் உரிப்பது மாதிரி. ராஜா வந்து உட்கார்ந்தால் மட்டும் பாடு பெரும்பாடு. காரணம், சவர அறையின் நான்கு சுவரிலும் கண்ணாடி. கத்தி கன்னத்தில் இருக்கும்போதே ராஜா சட்டென்று திரும்புவார். "அடடா, என்ன களை!" என்பார். சடையன் கையை இழுத்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை குலதெய்வத்துக்கு வேறு வேலை வந்துவிட்டது போலிருக்கிறது. ராஜா திரும்பினார். கத்தரிக்கோல் திரும்பவில்லை. இடப்பக்க மீசையில் பாதி மடியில் வந்து விழுந்தது.

ராஜா அதைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அரண்மனை அதிரக் கத்தினார். "இவன் வலது கையை வெட்டுங்கள்!"

சடையனுக்குக் காது அடைத்துப்போயிற்று. கை போனால் கத்தி எங்கே, கஞ்சி எங்கே? அழக்கூடத் தோன்றாமல் நின்றான்.

சத்தம் கேட்டு அரசவைப் புலவர் மாசிலாமணி ஓடி வந்தார். அரை மீசையைப் பார்த்தார். வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வெட்ட வேண்டியதுதான் மகாராஜா. ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறதே?"

"என்ன சட்டம்?"

"தங்கள் இடப்பக்கம் இப்போது நாலு விரற்கடை. நாட்டில் அத்தனை பேருக்கும் அதைவிட நீளம். எல்லாரும் குற்றவாளிகள்! உடனே கத்தரித்தாக வேண்டும். கத்தரிக்கிற கை இவனுடையது ஒன்றுதான்."

ராஜா யோசித்தார். "சரி. கடைசி மீசையைக் கத்தரித்து முடித்ததும் கையை வெட்டுங்கள்."

சடையன் தன் வாழ்நாளில் அவ்வளவு நிதானமாக வேலை செய்ததில்லை. ஒரு மீசையை முடிப்பதற்குள் கத்தரிக்கோலை மூன்று முறை தீட்டினான். முதலில் மந்திரி. அடுத்து படைத்தலைவர். நாலு போரில் அழாத மனிதர், கண்ணாடி பார்த்துவிட்டு விம்மி விம்மி அழுதார். மூன்றே நாளில் ஊர் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தது போல ஆகிவிட்டது. பக்கத்து நாட்டுத் தூதர் ஒருவர் சபைக்குள் நுழைந்து எல்லாரையும் பார்த்தார். தனக்குத்தான் பார்வையில் கோளாறு என்று நினைத்து நேரே வைத்தியர் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான்காம் நாள் மிச்சமிருந்தது ஒரே மீசை. கை வெட்டும் சேவகனுடையது. சபை நடுவில் அதையும் சடையன் ஒவ்வொரு மயிராக எண்ணி எண்ணிக் கத்தரித்தான்.

"முடிந்ததா?" என்றார் ராஜா.

"முடிஞ்சுது சாமி," என்றான் சடையன். கையை நீட்டினான்.

"ஒரு நிமிஷம் மகாராஜா," என்று எழுந்தார் மாசிலாமணி. "இவன் கத்தரிக்கோலை நேராகத்தான் பிடித்திருந்தான். தங்கள் முகம்தான் திரும்பியது. ஏன் திரும்பியது?"

ராஜா கொஞ்சம் நெளிந்தார். "ஏதோ கண்ணில் பட்டது."

"ஏதோ இல்லை, மகாராஜா. ஓர் ஆள். விசாரித்துவிட்டேன். தாங்கள் சவரத்துக்கு உட்காரும் போதெல்லாம் அந்த ஆள் எதிரே வந்து நின்று பல்லைக் காட்டுகிறான். தங்களை அழைத்து அழைத்துத் திரும்ப வைக்கிறான்."

"என் சவர அறையிலா!"

"அங்கேயேதான். மீசை கூடத் தங்கள் மீசைக்குச் சரிசமமாக வைத்திருந்தான்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்தே விட்டார். "சரிசமமாகவா? அவனல்லவா குற்றவாளி! நாவிதனை விடுங்கள். அந்தத் திருட்டுப் பயலைப் பிடித்து, மீசையை முழுக்க மழித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுங்கள். இது என் வாளின்மேல் ஆணை!"

சடையன் நீட்டிய கையை மெல்ல மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். யார் அந்த ஆள்? அறையில் அவன் வேறு யாரையும் பார்த்ததில்லையே.

"கழுதை வாசலில் தயாராக நிற்கிறது. ஆளையும் கொண்டு வந்துவிட்டேன்," என்றார் மாசிலாமணி.

இரண்டு சேவகர்கள் துணி போர்த்திய ஆளுயரப் பொருள் ஒன்றைத் தூக்கி வந்து ராஜாவுக்கு எதிரே நிறுத்தினார்கள். மாசிலாமணி துணியை உருவினார்.

கண்ணாடி.

வாசலில் கழுதை ஒருமுறை கத்தியது. சடையன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ராஜா எதிரே நின்ற ஆளை மேலும் கீழும் பார்த்தார். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். உதடு துடித்தது. அப்புறம் ஒரே சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிரீடம் கழன்று உருளும் வரைக்கும் சிரிப்பு. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். சடையனுக்கு ஒரு பட்டு அங்கவஸ்திரம் கொடுத்தார்.

"அப்படியானால் தண்டனை, மகாராஜா?" என்று பணிவாகக் கேட்டார் மாசிலாமணி.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை கண்ணாடியைப் பார்த்தார். இருந்த அரை மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார்.

"விட்டுவிடுங்கள்," என்றார். "இவ்வளவு லட்சணமான ஆள் தப்புச் செய்திருக்க மாட்டான்."