வி.கே.வெ.

பழைய கேமராக்களை ஏலம் விடும் வாட்ஸ்அப் குழுவின் அட்மின் மாசிலாமணி, பி.என்.ஐ.பி., ஓ.பி.ஓ. என்று விற்பனைச் சுருக்கங்களை வெறும் எழுத்துகளாகவே அளப்பார். அர்த்தம் கேட்டவரைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவார். தமயந்தியின் தோழி ரெஜினா அப்படித்தான் வெளியே போனாள். அவள் லென்ஸை விற்க வேறு இடமில்லை.

தமயந்தி தன் கேமராவை அடிமாட்டு விலைக்குப் போட்டு, கீழே ‘வி.கே.வெ.’ என்று எழுதினாள்.

மாசிலாமணிக்கு வாங்க ஆசை, பழுதாக இருக்குமோ என்று பயம். கடைசியில் குழுவிலேயே கேட்டுவிட்டார்.

“வி.கே.வெ.ன்னா என்னம்மா?”

“விளக்கம் கேட்டவர் வெளியே. உங்க சட்டம்தானே அண்ணே.”

“திமிரா?”

“திமிர்தான். நீங்க வெளிய போங்க, இல்ல ரெஜினாவை உள்ள விடுங்க.”

ரெஜினா உள்ளே வந்தாள். அதுவரை வாயே திறக்காதவர்களெல்லாம் மொத்தமாகக் கேட்டார்கள்: “அண்ணே, ஓ.பி.ஓ.ன்னா என்ன?”

மாசிலாமணி டைப் செய்கிறார் என்று காட்டிக்கொண்டே இருந்தது. பதில்தான் வரவில்லை.